பின்னறைக்கு நான்கு கோடு

சாய்ந்தமருதில் எங்கள் எதிர்வீட்டுக்கு என்ன நடந்தது என்று கேட்டால் வைபை கொடுக்கும் அலைமுத்துக் கம்பனியிடம் ஒரே பதில்தான் இருக்கிறது: வீடு உடைக்கப்படவில்லை, மேம்படுத்தப்பட்டது. நான் அந்தக் கம்பனியில் சம்பளம் வாங்குகிறவன் அல்ல. ஆகவே உடைக்கப்பட்டது என்றே எழுதுகிறேன்.

அதை ஊரில் எல்லோரும் கிளாக்கர் றாஸிக்கின் வீடு என்பார்கள். அதுவும் பிழை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ஆண்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து ஏறுகிறவன். றாஸிக்கும் இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னர் அப்படி வந்து ஏறியவர்தான். வீடு அவர் மனைவி ஸுஹைறாவுடையது. அதற்கு முன் ஸுஹைறாவின் உம்மாவுடையது, இனி மகள் சிபானாவுக்குப் போக வேண்டியது. காணி உறுதிப் பத்திரத்தில் தேடினாலும் ஓர் ஆண் பெயர் கிடையாது. ஒவ்வொரு பெண்ணுக்கும் கலியாணம் நடக்கும்போது ஒரு பகுதியைக் கூட்டிக் கட்டி, ஒரு சுவர் எழுப்பி, கடைசியில் ஒன்றரை அடி தடிப்பில் ஏழு சுவர்கள் சேர்ந்துவிட்டன. சுனாமி அந்த வீட்டின் முன்சுவரில் மோதி, எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பி, எங்கள் வீட்டைக் கொண்டுபோனது. அவ்வளவு கெட்டியான வீடு.

சிபானாவைப் பெண் கேட்டது கட்டாரிலிருந்து. மாப்பிள்ளை பாயிஸுக்கு டோஹாவில் வேலை. தாய் றாஹிலாவும் மகனோடு அங்கேதான். சம்பந்தம் பேசினால் மாப்பிள்ளை வீட்டார் வந்து, பெண்ணுக்குக் கொடுக்கப்போகும் வீட்டைச் சுற்றிப் பார்ப்பார்கள். றாஹிலா அதை வீடியோ கோலில் பார்த்தார். ஸுஹைறா போனைத் தூக்கிக்கொண்டு முன்ஹோல், நடு அறை, குசினி என்று ஒவ்வொன்றாய்க் காட்டிப் போனாள். பின்னறைக்குள் காலை வைத்ததும் படம் உறைந்துவிட்டது. மூன்று ஞாயிற்றுக்கிழமை இப்படி நடந்தது. மூன்று தரமும் ஸுஹைறா வாயைத் திறந்தபடி டோஹாவில் நின்றாள்.

"அந்த அறைக்குப் போனா மட்டும் ஏன் நிக்கிது?" என்று கேட்டார் றாஹிலா. "சுவர் கிவர் வெடிச்சிரிக்கா? வார வெள்ளிக்கிழமை ஜும்மாக்குப் பொறகு கடைசியா ஒருக்காப் பாக்கன். பின்னறையக் காட்டினா கலியாணம். இல்லாட்டி நாங்க வேற இடம் பாக்கம்."

சிபானாவுக்கு வயது இருபத்தேழு. முன்னர் இரண்டு சம்பந்தங்கள் வாய்வரைக்கும் வந்து போயிருந்தன. இந்தப் பாயிஸை அவளுக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. ஆகவே அந்தக் கிழமை அந்த வீட்டில் வேறு கதை இல்லை. வெள்ளிக்கிழமைக்குள், முன்ஹோல் தூணில் மாட்டிய கம்பனிப் பெட்டியிலிருந்து பின்னறைக்கு வைபை போக வேண்டும்.

"இஞ்ச, அந்தக் கம்பனிக்கு ஒருக்கா கோல் எடுங்க," என்றாள் ஸுஹைறா. "நடுவில இன்னொரு சின்னப் பெட்டி வச்சா எடுக்குமாம். எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறாங்க."

றாஸிக் கோல் எடுத்தார். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண்பிள்ளை அச்சடித்த தமிழில் பேசினாள். "முறைப்பாட்டை எங்கள் செயலியில் பதியுங்கள் சேர். சிக்னல் குறைவாக உள்ள இடத்தில் நின்று பதிந்தால் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படும்."

றாஸிக் பின்னறையில் நின்று பதிந்தார். சிக்னல் இல்லாததால் முறைப்பாடு போகவில்லை. ஹோலுக்கு ஓடி வந்து அனுப்பினார். 'நீங்கள் நிற்கும் இடத்தில் சிக்னல் சிறப்பாக உள்ளது, வாழ்த்துகள்' என்று வந்தது. பின்னறையில் பொத்தானை அமத்திவிட்டு ஹோலுக்குள் பாய்ந்தால் கம்பனி ஏமாறும் என்று கணக்குப் போட்டு, அந்த மனுசன் ஐம்பத்தாறு வயதில் பதினேழு தரம் ஓடினார். பதினெட்டாம் தரம் நிலைப்படி தடக்கி விழுந்து நெற்றி பிளந்தது. கையிலிருந்த போன் பறந்தது. பறக்கும் வழியில் எங்கேயோ சிக்னலைப் பிடித்து முறைப்பாடும் போய்ச் சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் ஆறு இழைத் தையல் போட்டார்கள்.

மறுநாள், செவ்வாய்க்கிழமை, கிசோக் என்ற தொழினுட்பவியலாளன் வந்தான். நல்ல பொடியன், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான். ஏழு சுவர்களையும் தட்டிப் பார்த்தான், ஒவ்வொன்றிலும் காதை வைத்துக் கேட்டான்.

"சிக்னல் சரி காக்கா. வீடுதான் பிழை," என்றான் றாஸிக்கிடம், அண்ணன் முறை வைத்து.

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். அவளுக்கு மேடையை உடைக்கும் அதிகாரம் இருக்கவில்லை.

"நடுவில இன்னொரு பெட்டி வைக்கலாமெண்டு சொல்றாங்களே தம்பி?" என்று கேட்டார் றாஸிக்.

"வைக்கலாம் காக்கா. ஆனா வச்சா, முதல் பெட்டிக்குச் சக்தி காணாதெண்டு நாங்களே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிடும். கம்பனி அதுக்கு விடாது."

"அப்ப முதல் பெட்டியக் கொஞ்சம் உள்ளுக்கு நகத்தி வைங்களன்."

"ஏலாது. அது ஆணி அடிச்ச இடம். அந்த ஆணி கொழும்பில பதிவாகிக் கிடக்கு." கிசோக் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தான். "இதில ஒரு கையெழுத்து வைங்க. மிச்சத்த நாங்க பாக்கிறம்."

முப்பது வருடம் பாடசாலைக் கந்தோரில் இருந்து, "வாசிக்கத் தேவல்ல, இதில வைங்க" என்று மற்றவர்களிடம் கையெழுத்து வாங்கியவர் றாஸிக். அந்தப் படிவத்தின் தலைப்பு 'கட்டமைப்புத் தடைநீக்கச் சம்மதம்'. கீழே உரிமையாளர் என்று ஒரு கோடு. இருபத்தெட்டு வருடத்தில் அவரை யாரும் அந்தக் கோட்டில் கையெழுத்துக் கேட்டதில்லை. குசினிப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். ஸுஹைறா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவனைப் பற்றி நம்மவர்கள் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். அவனாவது தன் வீட்டைக் கொளுத்தினான்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு லொறியில் ஆறு பேர் வந்தார்கள். எல்லோர் சட்டையிலும் 'தடையற்ற உறவு' என்று எழுதியிருந்தது. கையில் சம்மட்டியும் அலவாங்கும். லொறியின் ஸ்பீக்கரில் முதலில் ஒரு பெண்குரல், "உங்கள் பாதுகாப்பே எங்கள் முதற்கடமை" என்றது. அது முடியுமுன்னரே நடுச்சுவரிலிருந்து முதல் கல் பெயர்ந்து றாஸிக்கின் வலது காலில் விழுந்தது. பெருவிரல் நகம் கழன்று தனியாகக் கிடந்தது.

"யா அல்லாஹ்! என்ட உம்மாட சுவர்டா அது!" என்று ஸுஹைறா கத்திக்கொண்டு ஓடி வந்தாள். "ஆரைக் கேட்டு உடைக்கிறீங்க? ஆருடா சொன்ன?"

கிசோக் படிவத்தை நீட்டினான். ஸுஹைறா கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு புருசனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவர் சம்மட்டிக்கு முன்னால் போய் நின்றிருக்கலாம். அன்றிலிருந்து அவள் அவரோடு ஒரு சொல் கதைக்கவில்லை.

சுவர் லேசில் விழவில்லை. இரண்டு சம்மட்டிப் பிடி முறிந்தது. ஒருவனுக்குத் தோள்மூட்டுக் கழன்று, அவனை லொறியில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் அடித்தார்கள். பதினொரு மணிக்குச் சுவர் நடு அறையின் கட்டில் மேல் சரிந்தது. தூசி அடங்கியதும் கிசோக் போனைத் தூக்கிக் காட்டினான். "ஒரு கோடு கூடியிருக்கு!" மிச்சமிருந்த ஐந்து பேரும் கை தட்டினார்கள்.

பிறகு கண்ணாடி. கண்ணாடியில் பட்டால் அலை திரும்பிவிடுமாம். ஸுஹைறாவின் கலியாண அலுமாரிக் கண்ணாடியை அலவாங்கால் குத்தினார்கள். உள்ளே சிபானாவுக்கென்று மடித்து வைத்திருந்த புடவைகளில் கண்ணாடித் துண்டுகள் ஏறின. பிறகு தண்ணீர். தண்ணீர் அலையைக் குடித்துவிடுமாம். மேலே இருந்த தண்ணீர்த் தாங்கியில் துளை போட்டார்கள், குசினியில் இருந்த குடம் குடுவை எல்லாவற்றையும் அடித்து உடைத்தார்கள். நண்பகலில் அந்த வீட்டில் றாஸிக்கின் காலைக் கழுவ ஒரு கோப்பைத் தண்ணீர் இருக்கவில்லை. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டாம் சுவருக்கு அவர்கள் சம்மட்டி தூக்கியபோது றாஸிக் ஒருவனின் கையை எட்டிப் பிடித்தார்.

"காக்கா, கைய விடுங்க, இதுக்கு நடைமுறை இருக்கு!" என்று கிசோக் பதறினான். கோபப்படும் வாடிக்கையாளரை முதலில் புன்னகையால் அமைதிப்படுத்த வேண்டும். சரிவராவிட்டால் மரியாதைச் சொல்லால். அதுவும் சரிவராவிட்டால் 'பொருத்தமான வேறு வழியில்' என்று நடைமுறை சொன்னது. சம்மட்டிக்காரன் றாஸிக்கைப் பார்த்துப் புன்னகைத்தான். "சேர்," என்றான். பிறகு முழங்கையால் அவர் வாயில் இடித்தான். முன்பல் இரண்டு விழுந்தன. நடைமுறையில் ஒரு படியும் தவறவில்லை.

இரத்தம் ஒழுகும் வாயோடு றாஸிக் மீண்டும் கம்பனிக்குக் கோல் எடுத்தார். அடித்துவிட்டார்கள், சுவரை உடைத்துவிட்டார்கள், நிற்பாட்டச் சொல்லுங்கள் என்று அழுதார். உதடு வீங்கி, பல் இல்லாமல், ஒரு சொல்லும் உருப்படியாக வெளியே வரவில்லை.

"சேர், உங்கள் குரல் தெளிவாக இல்லை," என்றாள் அந்தப் பிள்ளை. "அப்படியென்றால் உங்கள் வீட்டில் தடை இன்னும் நீங்கவில்லை. முறைப்பாட்டை உயர்நிலைக்கு அனுப்புகிறேன். உங்கள் பொறுமைக்கு நன்றி."

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டு வைபையின் இரகசிய இலக்கம் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். இரண்டாம் சுவர் விழுந்ததும் எங்கள் குசினி வரைக்கும் சிக்னல் வந்தது. தெருவில் நின்ற நாங்கள் நாலைந்து வீட்டுக்காரரும் நடப்பது அநியாயம் என்றுதான் சொன்னோம். கொஞ்சம் மெதுவாகச் சொன்னோம்.

வியாழக்கிழமை உயர்நிலை வந்தது. முன்னால் குளிரூட்டிய வாகனத்தில் பிராந்திய முகாமையாளர் மர்சூக், பின்னால் மண் வாரும் இயந்திரம், ஒரு பெக்கோ. மர்சூக் நம்ம ஊர்ப்பக்கத்து ஆள்தான். இறங்கியதும் சலாம் சொன்னார், றாஸிக்கின் வீங்கிய முகத்தைத் தடவி, "அல்லாஹ் சுகத்தைத் தருவான்," என்றார். பிறகு சம்மட்டிக்காரர்களையும் தெருவில் நின்ற எங்களையும் வரிசையாக நிற்கவைத்து உரையாற்றினார்.

"எங்கட சிக்னல் இண்டுவரைக்கும் ஒரு இடத்திலயும் தோத்ததில்ல. தோத்தது முழுக்க ஊடுகள்தான். போன வருசம் இந்தக் கரையோரத்தில பதினேழு ஊட்ட மேம்படுத்தினம். அதில ஒரு ஊட்டுலயிருந்துகூட மறுகா முறைப்பாடு வரல்ல. ஏன்? அந்த விலாசங்கள்ள இப்ப ஆக்களே இல்ல. இதத்தான் நாங்க பூரண திருப்தி எண்டு சொல்ற. சில பேர் ஏசுறாங்க, அழுறாங்க. வாடிக்கையாளர் அழுதா எங்களுக்குத் தாங்க ஏலாது. அதால அழுற ஆக்கள்ற கோல எடுக்கவேணாமெண்டு பணிப்புரை குடுத்திரிக்கம்."

கை தட்டச் சொன்னார்கள். தட்டினோம்.

மிச்சமிருந்த சுவர்களில் பின்னறைச் சுவர்தான் பெரியது. ஸுஹைறா அதில் முதுகைச் சாய்த்துக் கொண்டு, இரண்டு கையையும் விரித்து நின்றாள். சிபானா உம்மாவின் இடுப்பைக் கட்டிப் பிடித்திருந்தாள். பெக்கோ ஓட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டு மர்சூக்கைப் பார்த்தான்.

"பொம்புளையள்ல ஆம்புளையள் கை வைக்கப்படாது," என்றார் மர்சூக் கண்டிப்பாக. "நம்மட கம்பனி கலாசாரத்த மதிக்கிற கம்பனி." வாகனத்திலிருந்து தலையை ஒழுங்காக மூடிய இரண்டு பெண் உத்தியோகத்தர்கள் இறங்கினார்கள். அவர்கள் ஸுஹைறாவின் முந்தானையையும் முடியையும் சேர்த்துப் பிடித்து, கல்லுக்கு மேலால் தரதரவென்று இழுத்து, தெருவில் கொண்டுபோய்ப் போட்டார்கள். முழங்காலிலிருந்து கணுக்கால்வரை தோல் உரிந்திருந்தது. பின்னாலேயே சிபானா. அவள் ஒருத்தியின் கையைக் கடித்ததற்காக அவளுக்கு நாலு அறை கிடைத்தது.

"கோவிக்காதீங்க ராத்தா," என்றான் கிசோக் ஸுஹைறாவிடம் குனிந்து. "மனிச உடம்பில முக்கால்வாசி தண்ணி. நீங்க உள்ள நிண்டாலும் சிக்னல் குறையும்."

பெக்கோ பின்னறைச் சுவரை மூன்று குத்தில் தள்ளியது. சுவர் போனதும் கூரை மரங்கள் ஒவ்வொன்றாய் முறிந்தன. ஓடுகள் மழை மாதிரிக் கொட்டின. பெக்கோ அதோடு நிற்கவில்லை, ஏறி மிதித்து முன்னும் பின்னுமாய் ஓடியது. பாங்கு சொல்லும் நேரத்தில் வேலை முடிந்தது. எஞ்சியிருந்தது முன்ஹோலின் ஒரு தூண், அதில் பதிவு செய்த ஆணி, ஆணியில் கறுப்புப் பெட்டி. பச்சை வெளிச்சம் விடாமல் எரிந்தது.

பின்னறையில் எத்தனை கோடு வருகிறது என்று அறிக்கையில் எழுத வேண்டியிருந்தது. பின்னறை எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் கிசோக் பழைய வரைபடத்தைப் பார்த்து, கல்லையும் மண்ணையும் காலால் ஒதுக்கி, சுண்ணாம்பால் ஒரு சதுரம் கீறினான். அதற்குள் ஏறி நின்று போனைப் பார்த்தான். நான்கு கோடும் இருந்தன. கையெழுத்து வைத்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வரும்போது தெரு முழுக்க ஆட்கள். மர்சூக்கும் கிசோக்கும் வாடிக்கையாளரின் சந்தோசத்தைப் படம் பிடிக்க வந்திருந்தார்கள். சம்மட்டிகளும் லொறியில் ஏற்றப்படாமல் தூணடியில் குவிந்து கிடந்தன. ஸுஹைறா ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். சொன்ன நேரத்துக்கு டோஹாவிலிருந்து கோல் வந்தது. றாஸிக் போனை நீட்ட, சிபானா வாங்கினாள்.

"மாஷா அல்லாஹ், இண்டைக்கு நல்ல கிளியர்!" என்றார் றாஹிலா. "வாப்பாட வாயில இரிக்கிற காயம்கூடத் தெரியிது. என்ன நடந்த? செரி, அதுக்குப் பொறகு கதைப்பம். எங்க, பின்னறையக் காட்டுங்க."

சிபானா ஓடுகளுக்கு மேலால் கால் வைத்துக் கால் வைத்துப் போய், சுண்ணாம்புச் சதுரத்துக்குள் நின்றாள். போனை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

"இதான் மாமி பின்னறை."

"என்ன புள்ள இது? ஊடு எங்க?"

"வைபை எடுக்கல்ல எண்டு உடைச்சிட்டாங்க மாமி."

டோஹாவில் தாயின் தோளுக்குப் பின்னால் பாயிஸின் முகம் வந்தது. படம் அவ்வளவு தெளிவு. அவன் இவளைப் பார்க்காமல் தாயின் முகத்தைப் பார்ப்பதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

"ஊடுதான் இல்ல," என்றாள் சிபானா அவனிடம். "நான் இரிக்கன்தானே."

படம் போய்விட்டது.

"நிண்டு போச்சு!" றாஸிக் ஓடிவந்து போனைப் பறித்து உதறினார். "திரும்ப நிண்டு போச்சு! தம்பி, சிக்னல் போச்சு, பாருங்க, கெதியாப் பாருங்க!" அந்த மனுசனுடைய முகத்தில் அப்போதும் ஒரு நம்பிக்கை இருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

கிசோக் தன் போனைப் பார்த்தான், தூணில் இருந்த பெட்டியைப் பார்த்தான். "நம்மட பக்கம் ஒரு பிழையும் இல்ல காக்கா. நாலு கோடும் நிக்குது. அங்கால இருந்துதான் வெட்டியிருக்காங்க."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் மர்சூக். அவருக்கு மூச்சு வந்தது. அவர் ஸுஹைறாவிடம் போய், எத்தனை நட்சத்திரம் கொடுக்கிறீர்கள் என்று ஒரு தொடுதிரைப் பலகையை நீட்டினார்.

ஸுஹைறா எழுந்து தூணடிக்குப் போனாள். ஒரு சம்மட்டியைத் தூக்கினாள். அதற்கு முன் அவள் சம்மட்டி தூக்கியிருப்பாளா தெரியாது. முதல் அடி பெட்டியில் விழுந்தது, இரண்டாவதும் அதில்தான். துண்டுகள் சிதறி மர்சூக்கின் சட்டையில் பட்டன. அவர் சப்பாத்தை விட்டுவிட்டு ஓடினார். ஸுஹைறா நிறுத்தவில்லை. பச்சை வெளிச்சம் செத்த பிறகும், பெட்டி தூளான பிறகும், கையில் கொப்புளம் வெடித்து இரத்தம் பிடியில் வழியும்வரைக்கும் அடித்துக்கொண்டே இருந்தாள். அவள் அழுத சத்தம் பள்ளிவாசல்வரை கேட்டது.

ஐந்து மணிக்குப் பொலிஸ் அவளைக் கூட்டிப்போனது. சாட்சி என்று என்னையும் வரச்சொன்னார்கள். நிலையத்தில் மர்சூக், பக்கத்தில் கிசோக்கை வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு உட்கார்ந்து முறைப்பாடு சொன்னார். கம்பனிக்குச் சொந்தமான கறுப்புப் பெட்டி ஒன்று, சம்மட்டியால் அடித்து நாசமாக்கப்பட்டது. பொலிஸ்காரர் ஆறுதலாக எழுதினார். எழுதி முடித்துப் பேனையைத் தூக்கிக்கொண்டு கேட்டார்.

"அந்த வளவுக்குள்ள வேற என்னவும் உடைஞ்சதா?"

மர்சூக் நன்றாக யோசித்தார். கிசோக்கையும் ஒரு தரம் பார்த்துக் கொண்டார்.

"இல்ல சேர்," என்றார். "வேற ஒண்டும் உடையல்ல."